கை அசைவு விளையாட்டுக்கு எது வாங்கலாம்: வீயா, மூவா, கினெக்டா?

பழைய கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவி) ஒன்று வாங்கி கையை வீசி விளையாட ஆசை, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிளேஸ்டேஷன் மூவ்தான். பேரும் கூட்டமும் மற்ற இரண்டுக்கும் போய்விட்டது, ஆனால் கை போகிற போக்கிலேயே திரையிலும் போனது இது ஒன்றுதான்.

2006-இல் வந்த நின்டெண்டோ வீயில் இருந்துதான் எல்லாம் சூடுபிடித்தது. பத்து கோடிக்கு மேல் விற்றது, பாட்டியிடம் கொடுத்தாலும் உடனே ஆடிவிடுவார், அந்த எளிமைக்கு இன்றுவரை ஈடு இல்லை. ஆனால் டென்னிஸ் ஆடும்போது கையை முழுசாக வீசவே வேண்டாம், மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்கினால் பந்து பறக்கும். 2009-இல் மோஷன் பிளஸ் என்று கைரோஸ்கோப்பை, அதாவது திரும்புவதை உணரும் கருவியை, தனியாகச் செருகக் கொடுத்த பிறகுதான் கை திரும்புவதை ஒழுங்காகப் பிடித்தது.

பிளேஸ்டேஷன் 3-க்கு, கையில் பிடித்து ஆடும் குச்சி போன்ற மூவ் வந்தது 2010 செப்டம்பரில். அதன் நுனியில் ஒளிரும் உருண்டையை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. உருண்டையின் உண்மையான அளவு தெரியும் என்பதால், கேமராவில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே உங்கள் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும், அறையின் நிறத்தோடு கலந்துவிடாமல் விளக்கின் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ் என்ற ஆட்டத்தில் வில்வித்தை ஆடிப் பாருங்கள்: தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அம்பை எடுத்து, நாணில் வைத்து, பின்னால் இழுத்து விட வேண்டும். டேபிள் டென்னிஸில் மட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் திரையிலும் அதே சாய்வு. அருமை!

குறை இல்லாமல் இல்லை. ஆடத் தொடங்கும் முன் தோளருகே வை, இடுப்பருகே வை என்று அளவு எடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கென்றே யோசித்துச் செய்த ஆட்டங்களும் குறைவு, எனக்கு அதில்தான் பெரிய ஆதங்கம்.

அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு வந்த கினெக்ட் 60 நாளில் 80 லட்சம் விற்றது. கையில் எதுவுமே வேண்டாம், உடம்பு அசைவதையே அது கேமராவில் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். டான்ஸ் சென்ட்ரல் என்ற நடன ஆட்டம் ஆட இதைவிட நல்ல கருவி கிடையாது, இரண்டு பேர் ஆடினால் எட்டடி தள்ளி நிற்க இடம் மட்டும் வேண்டும். ஆனால் நாம் அசைவதற்கும் திரை அசைவதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கிறது, பட்டன் இல்லாததால் மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூட கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய ஹாலும் நடனப் பிரியர்களும் இருக்கிற வீடு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

மூவ் வாங்குபவர்கள் பிளேஸ்டேஷன் ஐ கேமராவும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் உருண்டை வெறும் விளக்குதான். பேட்டரி சார்ஜ் நிற்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பிற்பாடு பிளேஸ்டேஷன் 4-இல் கண்ணில் மாட்டி ஆடும் விஆர் ஹெட்செட் வாங்கினால் இதே மூவ் அதற்கும் உதவும்.