பச்சையா, வறுத்ததா? கொட்டைப் பருப்புகளுக்கு எந்தச் சுங்கக் குறியீடு?

பாதாம் ஒன்றுதான். ஆனால் மூட்டைக்குள் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, சுங்கத்தில் ஐந்து தலைப்புகளில் எதில் வேண்டுமானாலும் போய் விழும். ஓடு நீக்கிய பச்சைப் பருப்பு 0802.12. அதையே மாவாக அரைத்தால் 1106.30. வறுத்தால் 2008.19. சர்க்கரைப் பூச்சு ஏற்றினால் மிட்டாய் வகையில் சேர்ந்து 1704. சாக்லேட்டில் முக்கியெடுத்தால் 1806. பொருளின் பெயரை மட்டும் தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணை இன்வாய்ஸில் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாறுவது வரி விகிதம் மட்டுமில்லை. தாவர நலச் சான்றிதழ் வேண்டுமா, வர்த்தக ஒப்பந்தச் சலுகை கிடைக்குமா என்பதும் கூடவே மாறலாம்.

இங்கே நான் சொல்லும் எண்கள் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். 2022 பதிப்பில் உள்ளவை. எச்.எஸ். என்பது சரக்குகளை வகைப்படுத்தும் உலகப் பொது எண் முறை. ஆறு இலக்கம் வரை எல்லா நாட்டுக்கும் பொது: முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு வரை தலைப்பு, ஆறு வரை உபதலைப்பு. அதற்கு மேல் அந்தந்த நாடு தன் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்ளும்.

அத்தியாயம் 8-க்கும் 20-க்கும் நடுவே

பெரும்பாலான தகராறு இந்த இரண்டுக்கும் இடையில்தான். 0801-இல் தேங்காய், பிரேசில் நட், முந்திரி. 0802-இல் பாதாம், ஹேசல்நட், அக்ரூட், செஸ்ட்நட், பிஸ்தா, மக்கடாமியா, கோலா, பாக்கு, பைன் கொட்டை எல்லாம். புதிதாகப் பறித்ததோ உலர்ந்ததோ, ஓட்டோடு இருந்தாலும் ஓடோ தோலோ நீக்கியிருந்தாலும் இங்கேதான். சீவியிருந்தாலும் நறுக்கியிருந்தாலும் அத்தியாயம் மாறாது. எதிர்ப்பக்கம் 2008: வேறு வகையில் பக்குவப்படுத்திய கொட்டைகள். எண்ணெய் விட்டோ விடாமலோ வறுத்தது, உப்பும் மசாலாவும் சேர்த்து வறுத்தது எல்லாம் அந்தப் பக்கம்.

சரி, சூடு பட்டாலே 20-ஆம் அத்தியாயமா? இல்லை. 8-ஆம் அத்தியாயத்தின் மூன்றாவது குறிப்பு, உலர்ந்த கொட்டை கெடாமலிருக்க மிதமான சூடு காட்டுவதை அனுமதிக்கிறது. தோற்றத்துக்காகக் கொஞ்சம் தாவர எண்ணெய் தடவுவதையும் அனுமதிக்கிறது. உலர்ந்த கொட்டையின் இயல்பு மட்டும் போய்விடக் கூடாது. முந்திரியையே பாருங்கள். ஓட்டை உடைக்க வேண்டுமென்றால் கொட்டையை ஆவியில் வேகவைக்கவோ வறுக்கவோ வேண்டும். பிறகு உள்தோல் உரிந்து வருவதற்காகப் பருப்பைச் சூட்டில் உலர்த்துகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த வெள்ளைப் பருப்பு 0801.32-லேயே நிற்கிறது. அந்தச் சூடு ஓட்டையும் தோலையும் கழற்றுவதற்காகக் காட்டியது. அதே பருப்பைத் தின்பதற்காக நெய்யிலோ எண்ணெயிலோ பொன்னிறமாக வறுத்து உப்புத் தூவினால் 2008.19.

பிஸ்தாவில் ஏமாற வாய்ப்பு அதிகம். ஓட்டோடு இருப்பதைப் பார்த்ததும் 0802.51 என்று கை தானாக எழுதிவிடும். வாய் பிளந்த ஓட்டுக்குள் பருப்பு வறுபட்டு உப்பேறியிருந்தால் அது 2008.19 சரக்கு. ஓடு இருக்கிறதா என்பதைவிட வறுத்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

செஸ்ட்நட் இன்னும் நுணுக்கமானது. தண்ணீரில் வேகவைத்து உறைய வைத்தால் 0811. வேகவைத்து, உறைய வைக்காமல் வெற்றிடப் பையில் அடைத்தால் 2008.19. சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, பாகை வடித்துப் பதப்படுத்தினால் 2006.

வேர்க்கடலை ஏன் இந்தக் கூட்டத்தில் இல்லை?

கடையில் முந்திரிக்குப் பக்கத்தில் இருந்தாலும் சுங்கத்துக்கு வேர்க்கடலை ஓர் எண்ணெய் வித்து. வறுக்காதது 1202: விதைக்கு 1202.30, ஓட்டோடு 1202.41, ஓடு நீக்கியது 1202.42. வறுத்ததும் வேர்க்கடலை வெண்ணெயும் 2008.11. பாதாம் வெண்ணெய் 2008.19 என்பதால், இரண்டையும் ஒரே எண்ணில் அனுப்பக் கூடாது.

இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 0801, 0802 தலைப்புகளில் ‘தோல் நீக்கியது’ என்று வெளிப்படையாகவே இருக்கிறது. 1202-இல் ‘ஓடு நீக்கியது, உடைத்தது’ என்பதோடு சரி. அதனால் வெந்நீரில் போட்டுத் தோலுரித்த பாதாம் தயக்கமின்றி 0802-இல் இருக்க, தோலுரித்த வேர்க்கடலைக்குக் கேள்வி எழுகிறது. அமெரிக்கக் கட்டணப் பட்டியலில் தோல் நீக்கிய வேர்க்கடலைக்கு 2008.11-இன் கீழ் தனி வரிசையே உண்டு. இந்தச் சரக்கை அனுப்பும் முன் இறக்குமதி நாட்டின் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

தேங்காய்க்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. சாப்பிடத் தகுந்த உலர்ந்த துருவல் 0801.11. எண்ணெய் ஆட்டும் கொப்பரை 1203. பாதாம் மாதிரியே தெரியும் ஆப்ரிகாட் பருப்பு 1212-க்குப் போகும்.

கலவைகள்

வறுக்காத பாதாம், முந்திரி, உலர் பழம் என எல்லாமே 8-ஆம் அத்தியாயச் சரக்காக இருந்தால் 0813.50. வறுத்த கொட்டைகளின் கலவை என்றால் 2008.19, அந்த உபதலைப்பிலேயே கலவைகளும் அடக்கம். பச்சைக் கலவையில் வேர்க்கடலையைச் சேர்த்துவிட்டால் 0813 கைகொடுக்காது, ஏனென்றால் அது தன் அத்தியாயத்துப் பொருட்களின் கலவைகளை மட்டுமே ஏற்கும். அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புக்குப் பொருந்தும் சரக்குக்கான எச்.எஸ். பொது விளக்க விதி 3-ஐ எடுத்து, கலவைக்கு அடிப்படை இயல்பைத் தருவது எது என்று வாதாட வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் சொல்வதா, முன்தீர்ப்பா?

ஓடு நீக்கிய அக்ரூட் போன்ற சந்தேகமில்லாத சரக்குக்கு அனுபவமுள்ள கிளியரிங் ஏஜென்ட்டின் சொல் போதும். அங்கேயும் பழைய ஆவணத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். 0802.90-இல் போய்க்கொண்டிருந்த பைன் கொட்டைக்கு 2022 முதல் 0802.91, 0802.92 என்று தனி எண்கள் வந்துவிட்டன.

எல்லைக்கோட்டில் நிற்கும் சரக்கு தொடர்ந்து போய்வருகிறது என்றால் முன்தீர்ப்பையே, அதாவது சரக்கு போகும் முன்பே சுங்கத்துறையிடம் எழுத்தில் வாங்கும் குறியீட்டு முடிவையே, நான் தேர்ந்தெடுப்பேன். 2017 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம், மூன்றாவது பிரிவில் இதற்கு வழி செய்திருக்கிறது. காலம் பிடிக்கும்தான். ஆனால் சரக்கு துறைமுகத்தில் முடங்கிய பிறகு வாதாடுவதைவிட இது எவ்வளவோ மேல். விண்ணப்பத்தோடு ‘உயர்தரப் பருப்பு’ என்ற விளம்பர வர்ணனையை அனுப்பிப் பயனில்லை. எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிடம், ஈரப்பதம் முன்னும் பின்னும் எவ்வளவு, எண்ணெயோ உப்போ சேர்த்தீர்களா என்ற ஆலைக் குறிப்பும் ஒரு மாதிரியும் வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு வறுக்கும் முறையை மாற்றினால் பழைய தீர்ப்பு புதுச் சரக்குக்குச் செல்லாது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.