200 எம்பிபிஎஸ் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை பஸ்ஸில் அனுப்பிய கதை

சேலையூரில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. கும்பகோணம், காரைக்குடி பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். முடித்த வேலை ஒவ்வொன்றும் 50, 60 ஜிபி வரும். அதனால் இன்டர்நெட் எனக்குக் கரண்ட் மாதிரி. அது போனால் அன்றைய பிழைப்புப் போச்சு.

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் எங்கள் ஃப்ளாட் வாசலில் குடையை விரித்து, மேசை போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டீஸில் பாதிப் பக்கத்துக்கு '200 எம்பிபிஎஸ்! அன்லிமிடெட்!' என்று சிவப்பில் போட்டிருந்தது. நொடிக்கு 200 மெகாபிட் இன்டர்நெட் வேகம் என்று அர்த்தம். என் அம்மா அதைப் படித்துவிட்டு, "ஏண்டா, 200 டாக்டர்களா?" என்று கேட்டார். சிரித்தோம். பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர் கேட்டதே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மாதம் 799 ரூபாய், ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்றார்கள். 4,794 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ரவுட்டருக்கு 1,500 டெபாசிட். மொத்தம் 7,157 ரூபாயை ஜிபே செய்தேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்தவரிடம் போய் விழுவீர்கள். நானே அப்படித்தான் விழுந்தேன், அதற்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லைன்மேன் தம்பி வந்து மாட்டினார். ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். 212. "பாருங்க சார், 200க்கு மேலயே வருது." எனக்கும் சந்தோஷம்தான். அந்த டெஸ்ட் எந்த சர்வரோடு பேசுகிறது என்று அன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை. பெரும்பாலான நேரம் அந்த ஆப் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். என் விஷயத்தில் அது அந்தக் கம்பெனியின் சொந்த சர்வர். அதாவது என் வீட்டிலிருந்து அவர்கள் வீடு வரைக்கும் ரோடு நன்றாக இருக்கிறது என்று அவர்களே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டி ஊருக்குப் போகும் ரோடு எப்படி என்று அந்த எண் சொல்லாது.

பின்னாலேயே ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எனக்கும் வேலை கிடையாது. படம் பார்த்தோம், மகள் கிளாஸ் கவனித்தாள், எல்லாம் ஓடியது. பிடிக்கவில்லையென்றால் 15 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற சலுகையும் அந்த ஆடியிலேயே கரைந்து போனது.

ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்ததும்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி எட்டரைக்கு 60 ஜிபி ஃபைலை ஏற்றப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். மீதி நேரம் 22 மணி என்று காட்டியது. கணக்குப் போட்டேன். 200 எம்பிபிஎஸ்ஸில் 60 ஜிபி ஏற நாற்பது நிமிஷம் போதும். எனக்கு அப்லோட் வந்துகொண்டிருந்தது 6.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் அந்தப் பெண் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "சார், 200ங்கிறது டவுன்லோடுக்கு மட்டும், அதுவும் 200 வரைக்கும். உங்க பிளான்ல அப்லோட் 20 சார்."

நோட்டீஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு வரி. 'வரை' என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருந்தது. முன்பக்கம் தமிழில் கொட்டை எழுத்து, பின்பக்கம் இங்கிலீஷில் பொடி எழுத்து. இது தப்பு என்று நான் கோபத்தில் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது: விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், விளம்பரம் சொல்வதை நிபந்தனை மறுக்கவும் கூடாது. எத்தனை நோட்டீஸ் அப்படி வருகிறது என்று உங்கள் வீட்டுக் கதவில் செருகியிருப்பதை எடுத்துப் பாருங்கள்.

அந்த 20ஆவது வந்ததா? காலை ஆறு மணிக்கு வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 6, 7.

அப்போதுதான் ஒரு பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பதினொரு நாள். காலை ஏழு, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்பது. வைஃபையை நம்பாமல் லேன் கேபிளைச் செருகித்தான் பார்த்தேன். முதல் இரண்டு நாள் என்ன செய்தாலும் டவுன்லோட் 94க்கு மேல் ஏறவில்லை. கஸ்டமர் கேரைப் பிடித்துக் கத்தினேன். அது என் தப்பு. அவர்கள் கொடுத்த பெட்டியில் நாலு போர்ட் இருந்தது, அதில் முதல் போர்ட்தான் கிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ், மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ் போர்ட். நான் மூன்றாவதில் செருகியிருந்தேன். ஆனால் 200 என்று விற்றுவிட்டு நாலில் மூன்று போர்ட் 100ஐத் தாண்டாத பெட்டியைக் கொடுப்பதும், அதை மாட்டினவர் வாயே திறக்காததும் என்ன நியாயம்?

போர்ட்டை மாற்றிய பிறகு வந்த எண்கள்: மத்தியானம் 190க்கு மேல். ராத்திரி ஒன்பதுக்கு 14, 19, 11, 23, இப்படி.

ஏன் ராத்திரி மட்டும்? ஃபைபர் என்றால் வீட்டுக்கு வீடு தனிக் குழாய் என்று நினைத்திருந்தேன். இல்லை. தெருவில் இருக்கும் ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் போடும் ஜிபான் முறையில் அந்த ஒரு ஃபைபருக்கு டவுன்லோட் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ், அப்லோட் அதில் பாதி. 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 40கூட வராது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை, பகிர்ந்தால்தான் இந்த விலைக்குத் தர முடியும். ஏமாற்று அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அந்த ஏரியா முழுக்கச் சேர்ந்து வெளியே போகிற மெயின் லைனை எவ்வளவு பெரிதாக வாங்கியிருக்கிறார்கள் என்பதில். அதைச் சின்னதாக வாங்கிக்கொண்டு, வாசலில் குடை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டே போனால் சீரியல் நேரத்தில் எல்லாருக்கும் மூச்சு முட்டும்.

பிரிட்டனில் இதைப் பிடித்து 2018 மே மாதத்திலிருந்து விதியை மாற்றினார்கள். ராத்திரி எட்டிலிருந்து பத்து மணிக்குள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்காவது கிடைக்கிற சராசரி வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அதற்கு முன்னால் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே 'வரை' என்று போட்டுக்கொள்ளலாம். அந்த விதி இங்கே இருந்தால் எங்கள் வாசல் நோட்டீஸில் 16 என்று போட்டிருப்பார்கள்.

அடுத்த அடி அன்லிமிடெட். பில் மாதத்தின் 22ஆம் நாள் எல்லாம் படுத்துவிட்டது. டவுன்லோட் 2, அப்லோட் 2. போன் செய்தால், "ஆயிரம் ஜிபி முடிஞ்சிருச்சு சார், எஃப்யூபி." இத்தனை ஜிபியைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடும் வரம்புக்கு அதுதான் பெயர். ஏற்றினது, இறக்கினது இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. அன்லிமிடெட் என்று போட்டீர்களே என்றால், "நெட் கட் ஆகலையே சார், வந்துட்டுதானே இருக்கு. 2 எம்பிபிஎஸ்ஸும் பிராட்பேண்ட்தான்" என்றார் ஒருவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவர் சொன்னது சரியும்கூட. 2013இலிருந்து 512 கேபிபிஎஸ், அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ் இருந்தால் பிராட்பேண்ட். 2023 ஜனவரியில் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். சட்டத்தில் அது அடிமட்டம், இவர்களுக்கு அதுவே பதில். 2 எம்பிபிஎஸ்ஸில் 60 ஜிபி ஏற 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கும்பகோணம் ஸ்டுடியோக்காரர், "அண்ணே, பொண்ணு வீட்ல தினம் கேக்கிறாங்க" என்று நாலாவது முறை போன் செய்தபோது, ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, கிளாம்பாக்கம் போய், ராத்திரி பஸ்ஸில் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்து அனுப்பினேன். விடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஏழு மணி நேரத்தில் 60 ஜிபி என்றால் 19 எம்பிபிஎஸ். என் ஃபைபரைவிட அந்த பஸ் வேகம்.

அதே வாரம் இன்னொரு கம்பெனியின் நோட்டீஸ் வந்தது. 'அவர்களைவிட அதிக வேகம், 300 எம்பிபிஎஸ்.' இந்தமுறை ஒரே மாதம்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். மாட்ட வந்தவர் ஏணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதே தம்பி. சட்டையில் கம்பெனி பெயர் மட்டும் வேறு.

"சார், நீங்களா?"

காபி கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் தயங்கினார். "ரெண்டு கம்பெனிக்கும் எங்க கேபிள் ஓனர்தான் சார் ஏஜென்ட். ரெண்டு லைனும் நம்ம ஆபீஸ் ரூமுக்குத்தான் வருது. அங்கேருந்து வெளிய போறது ஒரே மெயின் லைன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அன்று ராத்திரி ஒன்பதுக்குப் பார்த்தேன். டவுன்லோட் 31, அப்லோட் 9. தெருவில் இரண்டு போர்டு, இரண்டு ஆஃபர், இரண்டு கலர் நோட்டீஸ். உள்ளே ஒரே குழாய்.

புகார் விஷயம். கஸ்டமர் கேரில் சொன்னதும் டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். என்னுடையதை மூன்று முறை யாரும் வீட்டுக்கு வராமலேயே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் அனுப்பி மூடினார்கள். அதோடு விடாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் போட்ட விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் கம்பெனி இணையதளத்தில் அடியில் எங்கோ கிடக்கும். மூன்று டாக்கெட் நம்பர், நோட்டீஸின் இரண்டு பக்கப் படம், பதினொரு நாள் எண்கள், இதை அவருக்கு அனுப்பினேன். ஒரே நேரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். அதுவரை 'ரீஃபண்ட் கிடையாது' என்று பாட்டுப் பாடியவர்கள், மிச்சமிருந்த மூன்று மாதத்துக்கு 2,828 ரூபாயைத் திருப்பிப் போட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த நோட்டில் எழுதிய எண்கள்தான் வேலை செய்தன. 'ஸ்லோவா இருக்கு' என்று சொன்ன வரைக்கும் என்னை ஒருவரும் மதிக்கவில்லை.

அதிலும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். டெலிகாம் கம்பெனிமேல் அங்கே போக முடியாது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது வைத்திருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான்தான். அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சர் வீட்டில் இருந்த கம்பெனி. அவரிடம் கேட்டுக்கொண்டு, லேப்டாப்பும் லேன் கேபிளுமாக ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போய், வேறு ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்து டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். டவுன்லோட் 88, அப்லோட் 81. அவர் வீட்டுக்காரர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார், பரவாயில்லை. லைன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் ஏஜென்ட் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேபிள் ஓனர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பணம் கட்டினேன், மாதாமாதம்.

முதல் கம்பெனியின் ரவுட்டர் டெபாசிட்டில் 400 ரூபாயைத் தேய்மானம் என்று பிடித்துக்கொண்டு 1,100 தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மறுபடியும் குடை விரித்திருந்தார்கள். போர்டில் இப்போது 500. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்லோட் எவ்வளவு என்று கேட்டேன். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடிடி ஆறு ஃப்ரீ சார்" என்றான்.