இடுப்பில் ஆறு வருடம்: கிளாக் 43எக்ஸ் பிஸ்டல், ஓர் அனுபவப் பகிர்வு

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் நானும் என் கணவரும் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். வாரத்தில் நாலு நாள் இரவு பதினொரு மணிக்குக் கல்லாவை எண்ணிக் கதவைப் பூட்டுவது நான்தான். 2019 கோடையில், இரண்டு சிக்னல் தள்ளியிருந்த ஒரு கடையில் இதே மாதிரி அடைக்கிற நேரத்தில் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்துப் போனார்கள். அங்கே வேலை பார்த்த பெண் எனக்குப் பழக்கம். பணம் போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை. கடை வாசலிலிருந்து கார் வரைக்கும் நடந்த இருபது அடியைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த வருடக் கடைசியில் நான் பிஸ்டல் வாங்கினேன்.

இந்த ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அதை யாரை நோக்கியும் உருவ வேண்டி வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் "அக்கா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று இந்த வருடம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நாலு பேருமே மாடலைத்தான் கேட்டார்கள். உறை, பெல்ட், பெட்டகம், வீட்டில் இருக்கும் குழந்தை, இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். எச்1பி, எஃப்1 மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். விசாவே போய்விடலாம். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்பிஐ வழியாகப் பின்னணிச் சோதனை நடக்கும்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். இருந்தாலும் நான் லைசென்ஸை விடவில்லை, நீங்களும் எடுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. மாநில லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுகிற எந்த அம்மாவுக்கும் இது ஒன்றே போதுமான காரணம். வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். அப்புறம் எழுத்துத் தேர்வு, கடைசியில் 3, 7, 15 கஜத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் 221 வந்தது.

இனி பிஸ்டல் கதை. முதலில் நான் வாங்கியது கிளாக் இல்லை. கவுன்டரில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "பெண்களுக்கு இதுதான் சரி" என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற, .380 என்ற வகைத் தோட்டா போடுகிற ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தார். தூக்கினால் இறகு மாதிரி இருந்தது. சுட்டுப் பார்த்ததும்தான் தெரிந்தது, துப்பாக்கி எடை குறையக் குறைய உதை கூடும் என்று. மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவே என் விரல்கள் வழுக்கின. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை. இருபது தோட்டா சுட்டதும் கட்டைவிரல் அடியில் தோல் சிவந்து எரிந்தது. பயிற்சிக்குப் போகவே மனசு வராத ஒரு துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டே மாதத்தில் விற்றுவிட்டேன்.

பிறகுதான் பயிற்சி மையத்தில் மூன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். கிளாக் 19, சிக் பி365, கிளாக் 43எக்ஸ், மூன்றும் 9 மில்லிமீட்டர் தோட்டா போடுபவை. கிளாக் 19 வந்தது 1988ல், இன்றைக்கும் காம்பாக்ட், அதாவது நடுத்தர அளவு பிஸ்டல் என்றால் பலர் அதைத்தான் அளவுகோலாக வைப்பார்கள். 15 தோட்டா கொள்ளும். என் கையில் அதுதான் மிக அமைதியாகச் சுட்டது. ஆனால் முழுக்க நிரப்பினால் 850 கிராம் பக்கம் வருகிறது, என் இடுப்புக்குத் தடிமனும் அதிகம். சிக் பி365, 2018ல் வந்தபோது இந்தச் சந்தையையே மாற்றிய பிஸ்டல். அவ்வளவு சின்ன உடம்புக்குள் 10 தோட்டா வைக்க முடியும் என்று காட்டியது. மறைத்து வைக்க மூன்றிலும் அதுதான் சுலபம். 43எக்ஸ் 2019ல் வந்தது. அதற்கும் 10 தோட்டா, ஸ்லைடின் அகலம் வெறும் 22 மில்லிமீட்டர், நிரப்பினால் சுமார் 650 கிராம். உடம்பு ஒல்லி, பிடி மட்டும் நீளம். என் சுண்டுவிரல் முழுசாக உட்கார்ந்தது. விசைக்கு விரல் நீட்டும்போது மணிக்கட்டு திரும்பவில்லை. அதோடு முடிவு செய்துவிட்டேன்.

பிடி நீளமாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. வெளியே காட்டிக்கொடுப்பது குழலின் நீளமில்லை, பிடிதான். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும், பிடியோ சட்டைக்கு அடியில் துருத்தும். இங்கேதான் உறையின் வேலை வருகிறது. நான் முதலில் வாங்கியது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற இலாஸ்டிக் பட்டி. துணி உறை, உடம்போடு ஒட்டி சுகமாக இருந்தது. ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு, காலித் துப்பாக்கியோடு, பட்டிக்கு மேலேயே விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். துணி வழியாக விசை அசைந்தது. அன்றே அதைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். கிளாக்கில் கட்டைவிரலால் போடுகிற பூட்டு கிடையாது. உள்ளே மூன்று தானியங்கிப் பாதுகாப்புகள் இருக்கின்றன, ஆனால் விசையை முறையாக அழுத்தினால் மூன்றுமே விலகிக்கொள்ளும், அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே விசையைக் கெட்டியாக மூடுகிற உறைதான் அதன் பூட்டு. கைடெக்ஸ் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறை வாங்கினேன். அதன் பக்கவாட்டில் கொக்கி மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் அதை அழுத்தும்போது பிடி உடம்புப் பக்கம் திரும்பிவிடும். உள்பக்கம் அடியில் ஒரு நுரைத் துண்டு ஒட்டினேன், மேல்பகுதி வயிற்றோடு சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சட்டைக்கு மேலும் புடைப்பு தெரிந்ததில்லை.

பெண்கள் உடைக்கு ஒரு வார்த்தை. பெண்கள் பேன்ட்டில் பெல்ட் வளையங்கள் குறைவு, உள்ளவையும் மெல்லிசு. விறைப்பான பெல்ட் இல்லாவிட்டால் துப்பாக்கி நடக்க நடக்கத் தொங்கும், நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிவிடுவீர்கள், பார்க்கிறவருக்கு அதுவே போதும். எனக்கு வசதியானது நம் ஊர்க் குர்தாவும் ஜீன்ஸும். ஆனால் மேல் தட்டிலிருந்து சிகரெட் பெட்டி எடுக்கக் கை தூக்கினால் பக்கத்து ஸ்லிட் வழியாக உறையின் விளிம்பு தெரிந்தது. 2022ல் சென்னைக்குப் போனபோது தி.நகரில் தையல்காரரிடம் ஏழு குர்தாவிலும் ஸ்லிட்டை நாலு விரல் இறக்கித் தைக்கச் சொன்னேன். "ஃபேஷன் இப்ப மேலதானே போகுது மேடம்?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

சேலை கட்டுகிற நாளில் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். கைப்பையில் வைக்கவே மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட்டில், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்டதில் துப்பாக்கி வெடித்து அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். பிஸ்டல் வாங்கிய நாட்களில் என் மகளுக்கு ஐந்து வயது. சாக்லேட் தேடி என் கைப்பையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளறுவாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு சம்பவங்களை விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் பழக்கத்தையே மாற்றியவை அவை.

முதலாவது, 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கப் பனி உறைந்து மின்சாரம் போன வாரம். வீட்டுக்குள்ளேயே மூன்று சட்டை போட்டிருந்தோம். கடைக்குக் கிளம்பும்போது உறையை முதலில் இடுப்பில் செருகிவிட்டு, பிஸ்டலை அப்புறம் அதற்குள் இறக்கினேன். பாதி வழியில் ஏதோ தடுத்தது. பஞ்சு மெத்தையை விரலால் அழுத்துகிற மாதிரி மெலிதான தடை. அப்படியே நிறுத்தி, மெல்ல வெளியே எடுத்துக் குனிந்து பார்த்தால், ஸ்வெட்டரின் இழுகயிறு உறையின் வாய்க்குள் விழுந்து, அதன் நுனியில் இருந்த பிளாஸ்டிக் முடிச்சு விசை இருக்க வேண்டிய இடத்தில் கிடந்தது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருந்தது. வேகமாக அழுத்தியிருந்தால் என் தொடை எலும்புக்குப் பக்கத்தில் வெடித்திருக்கும். சமையலறை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அந்தக் கயிற்றை உருவி எறிந்தேன். என்னிடம் இப்போது கயிறு வைத்த மேலாடை ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது, அமைதியாக நடந்தது. பத்திரம் என்று நினைத்து இரவு வந்ததும் சேம்பரிலிருந்து தோட்டாவை எடுத்துவிடுவேன். காலையில் அதையே மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியின் உச்சியில் வைத்து மறுபடி ஏற்றுவேன். சில மாதம் கழித்து ஒரு நாள் அந்தத் தோட்டாவையும் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புதியதையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழையது குட்டையாக இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு சேம்பருக்குப் போகும் சரிவில் இடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால், வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். துப்பாக்கி கையில் இருக்கும்போது அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டிலும் என் தவறு ஒன்றே ஒன்றுதான்: தேவையில்லாமல் தொட்டேன். இடுப்பில் உறைக்குள் இருக்கும் பிஸ்டல் தானாக ஒன்றும் செய்யாது. எடுப்பது, வைப்பது, ஏற்றுவது, இறக்குவது, ஆபத்தெல்லாம் அந்த நிமிடங்களில்தான். இப்போது நான் பிஸ்டலை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. உறையின் பெல்ட் கிளிப்பைக் கழற்றி, உறையோடு சேர்த்தே பெட்டகத்தில் வைக்கிறேன், உறையோடு சேர்த்தே காலையில் மாட்டிக்கொள்கிறேன். பயிற்சிக்கும் துடைப்பதற்கும் மட்டும் வெளியே வரும். இந்த நான்கரை வருடமாக அது சராசரியாக மாதத்துக்கு இரண்டு தடவை.

பெட்டகம் கட்டில் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கியது, பொத்தான் அமுக்கித் திறப்பது. ஒரு தடவை பேட்டரி தீர்ந்து, எச்சரிக்கை ஒலிகூட வராமல் செத்துக் கிடந்தது. அதிலிருந்து வருடா வருடம் பொங்கலன்று பேட்டரி மாற்றுகிறேன், தேதியை மறக்க முடியாது என்பதால். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது அவர்கள் கைக்குப் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டத்தான் வேண்டும்.

பயிற்சியில் மாதம் நூறு தோட்டா சுடுகிறேன். 2020, 2021ல் 9 மில்லிமீட்டர் தோட்டா அலமாரியில் கண்ணிலேயே படாத காலத்தில் இருபதோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது கைகொடுத்தது காலித் துப்பாக்கிப் பயிற்சி. தோட்டாவெல்லாம் வேறு அறையில், சேம்பரை மூன்று தடவை பார்த்து, விரலால் தடவியும் பார்த்து, குறி பார்க்க ஸ்லைடின் முன்னால் இருக்கும் மேட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்துவது. போடியில் ஏலத்தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை தடவை மடித்துப் பார்த்தாலும் மறுபடியும் குழல் வழியாக வானத்தைப் பார்ப்பார். "இல்லைன்னு நெனைக்கிற தோட்டாதான் ஆளைக் கொல்லும்" என்பார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்த் துணி பிடித்தவள் நான்.

ஹூஸ்டன் வியர்வைக்கு, வெளியே எடுக்கும்போதெல்லாம் வெளிப்புறம் துடைக்கிறேன். துணிப் பஞ்சு ஸ்லைடின் பின்புறத்தில் சேரும், பழைய பல் பிரஷ் போதும். ஐயாயிரம் தோட்டா தாண்டியபோது ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றினேன்.

போலீஸ் ஒரு தடவை நிறுத்தினார்கள், பின் விளக்கு எரியவில்லை என்று. உள்விளக்கைப் போட்டு இரண்டு கையையும் ஸ்டீரிங் மேல் வைத்தேன். அடையாள அட்டை கேட்டபோது ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி லைசென்ஸையும் கொடுத்து, எங்கே இருக்கிறது என்று வாயால் மட்டும் சொன்னேன். "தொடாதீர்கள், நானும் தொடமாட்டேன்" என்றார். நாலு நிமிடத்தில் முடிந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். 2022ல் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, பயிற்சிக்குக் கொண்டுபோன பழைய பையையே மகளின் துணிக்கு எடுத்திருந்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் விரலில் குளிர்ச்சியாக ஏதோ உருண்டது. சுடப்படாத ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டா. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒற்றைத் தோட்டாவும் குற்றம், அதிலும் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட வகை. மீனம்பாக்கத்தில் குழந்தையோடு நின்றுகொண்டு "தெரியாமல் வந்துவிட்டது" என்று நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். துப்பாக்கிப் பயிற்சிப் பை தனி, பயணப் பை தனி. ஒன்று இன்னொன்றாக ஒருபோதும் மாறக் கூடாது.

மகளுக்கு இப்போது பதினொரு வயது, தோழிகள் வீட்டில் இரவு தங்கப் போகிறாள். அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவுக்கு நானே போன் செய்வேன். முதலில் எங்கள் வீட்டில் இருப்பதையும் அது எங்கே பூட்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் உண்டா என்று கேட்பேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. போன மாதம் ஒரு தோழியின் அம்மா, "ரெண்டு நிமிஷம் இருங்க" என்று வைத்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். "அவரைக் கேட்டேன்க்கா. பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில வெச்சிருந்திருக்காரு, பூட்டே இல்ல. இந்த வாரம் பாப்பா இங்க வர வேண்டாம், எங்க பொண்ணை உங்க வீட்டுக்கு அனுப்பறேன். பெட்டி எந்தக் கடையில வாங்கினீங்க?"