பீனிக்ஸ் வெயிலில் ஒரு கண்ணாடி அறை

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டின் பின்புறம் குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறை கட்டலாமா என்று நெடுநாள் தயங்கினோம். கட்டி ஒரு கோடையைக் கழித்த பின், முடிவு சரியானதே என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த அறையின் உயிர் கண்ணாடியில்தான் இருக்கிறது. வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சும் நடுவில் வெப்பத்தை எளிதில் கடத்தாத ஆர்கான் வாயுவும் கொண்ட இரட்டைக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினோம். அலுமினியச் சட்டங்களில் வெப்பம் கடத்தாத இடைப்பட்டை உள்ளதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். வீட்டின் பொதுக் குளிரூட்டியை இழுத்து நீட்டாமல் தனி ஸ்பிளிட் ஏசி பொருத்தியது அறையைக் கட்டித் தந்த நிறுவனத்தார் சொன்ன நல்ல ஆலோசனை.

மேற்குப் பக்கத்தில்தான் அவர்கள் தவறினார்கள். மாலை வெயில் சாய்வாக விழுவதால் கூரை நீட்டிப்பு அங்கே பயன்படாது; வெளிப்புறத் திரை வேண்டும் என்று நாங்கள் முதலிலேயே கூறியிருந்தும், உள்திரையே போதும் என்றார்கள். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை உள்திரை எப்படி முழுமையாகத் தடுக்கும்? இருமுறை வற்புறுத்திய பிறகே வெளித்திரை வந்தது, அதுவும் ஜூலை முடியும் தறுவாயில்.