பதினாறு பிளை என்ற கதையும் டயரில் இருக்கும் கதையும்

நாமக்கல்லில் ரெண்டு லாரி வைத்து ஓட்டுகிறேன். ஒன்று 2014 மாடல் பத்துச் சக்கர டாரஸ், இன்னொன்று 2020இல் எடுத்த ஆறு சக்கர வண்டி. டீசலுக்கு அடுத்தபடி என் காசைத் தின்பது டயர்தான். அப்படியிருந்தும் முதல் நாலு வருஷம் டயர் வாங்கப் போனால் நான் கேட்டது ரெண்டே கேள்வி: எந்தக் கம்பெனி, என்ன விலை? பக்கச்சுவரில் புடைத்திருக்கும் எழுத்தை என்னைப் படிக்க வைத்தது ஒரு நஷ்டம்.

2018 ஐப்பசி மழை. டாரஸின் பின்னாடி ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் வெடித்துவிட்டது. வெளியே இருந்தது 10.00 ஆர் 20, போட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. போன கடையில் அந்த சைஸ் தீர்ந்திருந்தது. "295/90 ஆர் 20 இருக்குதுங்ண்ணா. ரிம் ஒண்ணுதான், ரெண்டும் இருபது. கண்ணை மூடிட்டு மாட்டலாம்" என்றார் கடைக்காரர். மாட்டினோம். ரிம்மில் அழகாகத்தான் உட்கார்ந்தது. மூணே மாசத்தில் அந்தப் புது டயர் அரம் வைத்து ராவினமாதிரி தேய்ந்து கிடந்தது. பக்கத்து டயர் ஒவ்வொரு டிரிப்பும் கை வைக்க முடியாத சூடு. கடைசியில் அதுவும் பக்கச்சுவர் தொடங்குகிற தோள்பட்டையில் பிரிந்து வாயைப் பிளந்தது.

வீட்டில் உட்கார்ந்து பேனா பேப்பரோடு கணக்குப் போட்டேன். 295 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் 90 சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்று அர்த்தம், அதாவது 265.5. மேலும் கீழும் சேர்த்து 531. ரிம் 20 இஞ்ச், அது 508 மி.மீ. மொத்த உயரம் 1039. பழைய இஞ்ச் கணக்கில் வரும் 10.00 டயருக்கு இந்த சதவீதமே எழுதியிருக்காது. கம்பெனி அட்டவணையில் பார்த்தால் உயரம் சுமார் 1054. வித்தியாசம் 15 மி.மீ., சுண்டுவிரல் தடிமன்.

அது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ரெண்டு டயரும் ஒரே ஹப்பில் போல்ட் போட்டு முறுக்கியவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான். சுற்றளவில் 47 மி.மீ. இடிக்கிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 300 சுற்று, ஆக 14 மீட்டர். நாமக்கல்லிலிருந்து சென்னை போய்ச் சேருவதற்குள் சின்ன டயரை 5 கிலோமீட்டர் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். உயரமான டயர் தன் பங்குக்கு மேல் லோடைச் சுமந்து வெந்திருக்கிறது. புது டயருக்குப் பக்கத்தில் பாதி தேய்ந்ததை ஜோடி சேர்க்காதே என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொன்னதும் இதே கணக்குதான். நான்தான் காதில் வாங்கவில்லை.

இன்னொரு சின்னக் குறிப்பு. 10.00-20 என்று நடுவில் கோடு இருந்தால், நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் நைலான் டயர். கோட்டுக்குப் பதில் ஆர் இருந்தால், இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியல். ரெண்டையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. 22.5 என்று அரை இஞ்ச் சேர்ந்து வந்தால் அது டியூப்லெஸ், ரிம்மே வேறு.

இப்போது இந்த பிளை விஷயம். எந்தக் கடைக்குப் போனாலும் "பதினாறு பிளைங்க, கல்லு மாதிரி" என்பார்கள். நானும் உள்ளே பதினாறு அடுக்கு துணி இருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நம்பினேன். ஒரு நாள் ஈரத்துணியால் டயரைத் துடைத்து, சாக்பீஸை அந்த எழுத்துகள்மேல் படுக்கப்போட்டுத் தேய்த்தேன். கறுப்பில் கறுப்பாக ஒளிந்திருந்ததெல்லாம் வெள்ளையாக எழுந்து வந்தது. தரையில் படுகிற டிரெட்டில் 4 ஸ்டீல் அடுக்கு, பக்கச்சுவரில் 1 ஸ்டீல் அடுக்கு. அவ்வளவுதான்! 16 பி.ஆர். (பிளை ரேட்டிங்) என்பது அடுக்கின் எண்ணிக்கையே இல்லை. பருத்தி நூல் வைத்து டயர் செய்த காலத்தில் பதினாறு அடுக்கு தாங்கிய பலத்துக்குச் சமம் என்கிற பழைய அளவுகோல். உருட்டல் என்று கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நாம் பார்க்கவேண்டியது பி.ஆருக்குப் பக்கத்தில் சாய்வுக்கோடு போட்டு எழுதியிருக்கும் ரெண்டு எண். என் ஆறு சக்கர வண்டிக்குக் கம்பெனியில் போட்டு வந்தது 295/80 ஆர் 22.5, அதில் 152/148 எம். முதல் எண் டயர் தனியாக ஓடினால் சுமக்கும் எடைக்கு, ரெண்டாவது ஜோடியில் ஓடினால் சுமக்கும் எடைக்கு. இவை கிலோ இல்லை, அட்டவணையில் பார்க்கவேண்டிய குறியீடு. 152 என்றால் 3550 கிலோ, 148 என்றால் 3150 கிலோ. ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், ரெண்டும் ஒன்றையொன்று சூடாக்கும், லோடும் சமமாகப் பிரியாது.

2018இல் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தினார்கள். ரெண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 6 டன்னாக இருந்தது 7 ஆனது. நாலு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆனது. என் வண்டிக்குப் பெருக்கிப் பார்த்தால் முன்னாடி 7.1 டன், பின்னாடி 12.6 டன். சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் செட் தேய்ந்து மாற்றப் போனபோது அதே சைஸ், அதே கம்பெனி, டயருக்கு ரெண்டாயிரம் ரூபாய் கம்மி என்று ஒன்றைக் காட்டினார்கள். கையோடு கொண்டுபோன சாக்பீஸைத் தேய்த்தேன். 16 பி.ஆர்., 150/147. அதாவது 3350, 3075. பின்னாடிக்குத் தாராளம். முன்னாடி 6.7 டன்தான், 300 கிலோ பற்றாது. "ஒரே சைஸ்தானேங்க" என்று கடைப்பையன் சிரித்தான். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் யார் கையில் இருக்கும் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டாயிரம் கூடக் கொடுத்து 152ஐயே எடுத்தேன்.

கடைசி எழுத்து வேகத்துக்கானது. கே என்றால் 110, எல் 120, எம் 130. ஸ்பீடு கவர்னரில் 80ஐத் தாண்டாத நமக்கு எதுவானாலும் போதும்.

காற்று விஷயத்தில் எனக்கும் டிரைவருக்கும் இன்றுவரை தகராறுதான். டயரிலேயே முழு லோடுக்கு இத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று போட்டு, பக்கத்தில் 'கோல்ட்' (COLD) என்று எழுதியிருக்கிறது. ஓடாமல் ஆறிக்கிடக்கும்போது அளக்கவேண்டிய அளவு அது. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி தாண்டி நிறுத்தி, "டயர் சுடுது முதலாளி, கொஞ்சம் காத்து எறக்கிட்டேன்" என்று போன் வரும். ஓடின டயரில் அளவு ஏறுவது இயல்பு. இறக்கினால் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி, சூடு இன்னும் ஏறும். பத்துத் தடவை சொல்லிவிட்டேன். பதினோராவது தடவையும் இறக்குவார்.

ஸ்டெப்னிக்குப் பழைய டயர் வாங்குகிறவர்கள் தயாரித்த தேதியைப் பாருங்கள். நாலு இலக்கம்: 3612 என்றால் 2012ஆம் வருஷம் 36ஆவது வாரம். டிரெட் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறதே என்று நான் வாங்கிய ஒன்று எட்டு வருஷத்துச் சரக்கு. பக்கச்சுவரைச் சுற்றிப் பொடி வெடிப்பு. அந்தத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், அந்தப் பக்கத்தைத் தரையைப் பார்த்துப் படுக்கவைத்திருந்தார்கள். புரட்டச் சொல்லாதது என் தப்பு.

இப்போதெல்லாம் புது டயர் மாட்டுகிற அன்றே ரெண்டு பக்கமும் சாக்பீஸ் தேய்த்து போனில் படம் எடுத்துவைத்துவிடுகிறேன். தேய்ந்த டயருக்குப் புது டிரெட் ஒட்டுகிற ரீட்ரெட்டுக்குக் கேசிங், அதாவது டயரின் உடம்பு, போகும்போது கல்லிலும் மண்ணிலும் உரசிப் பாதி எழுத்து அழிந்திருக்கும். எது எதற்கு ஜோடி என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம்.