மேல் கடைவாய்ப்பல் வேர்ப்படம்: ஹோல்டருடன் ஒன்பது ஆண்டுகள்

திருமங்கலத்தில் உள்ள என் பல் கிளினிக்கிற்கு ஆர்.வி.ஜி. சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே தகடு) வாங்கியபோதே, அதை வாய்க்குள் நிலையாகப் பிடித்து, கதிர்க்குழாயை எங்கே வைப்பது என்று வளையத்தால் காட்டும், பின்பற்களுக்கான மஞ்சள் வளைய ஹோல்டரையும் வாங்கினேன். அதற்கு முன்பு, ஃபிலிமை நோயாளியின் விரலாலேயே பிடிக்கச் சொல்லி, கோணத்தைக் கண்ணளவில் வைத்து எடுத்த மேல் கடைவாய்ப்பல் படங்கள் பலவற்றில் வேர்நுனி தெரியாது. ஃபிலிம் பல்லை ஒட்டிச் சாய்ந்து நிற்பதால் எக்ஸ்ரே கதிரை 30 பாகை வரை மேலிருந்து கீழ்நோக்கி இறக்க வேண்டியிருக்கும். அப்போது கன்ன எலும்பின் நிழல் வேர்நுனிகளின் மேலேயே வந்து படிந்துவிடும். ஹோல்டரில் சென்சார் பல்லின் நீள அச்சுக்கு இணையாக நிற்பதால் கோணம் தணிகிறது, அந்த நிழலும் மேலே ஒதுங்குகிறது.

ஆனால் ஹோல்டர் மட்டும் போதாது என்பதை உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு அண்ணம் மிகவும் தட்டை. “கடிச்சா மேல குத்துதுய்யா” என்று அவர் பாதிக் கடியில் நிறுத்த, சென்சார் சரிந்து, படத்தில் வேர்கள் நடுவிலேயே துண்டாகி நின்றன. நான் சென்சாரைப் பல்லுக்கு நெருக்கமாக வைத்திருந்ததுதான் பிழை. எடுத்துவிட்டு, அண்ணம் ஆழமாக இருக்கும் நடுக்கோட்டில் வைத்து, மெல்லக் கடிக்கச் சொன்னேன். சற்றே சாய்வு இருந்தது. ஆயினும் 20 பாகைக்குள் இருந்தால் படம் கெடுவதில்லை. மூன்று வேர்நுனிகளும், அவற்றின் மேலே சைனஸின் (கன்ன எலும்புக்குள் உள்ள காற்றறையின்) தரைக்கோடும் தெளிவாக விழுந்தன. கடிகட்டையின் (ஹோல்டரில் நோயாளி கடிக்கும் பகுதியின்) இருபுறமும் பஞ்சுருளை வைத்தும் இணைநிலையைப் பெறலாம். ஆனால் சென்சார் கீழிறங்குவதால் வேர்நுனிக்கு மேலுள்ள எலும்பு படத்தில் குறைந்துவிடும் என்பதால், நீண்ட வேருள்ளவர்களுக்கு நான் அதைத் தவிர்க்கிறேன்.

முதல் கடைவாய்ப்பல்லின் முன்கன்ன வேரில் (கன்னப் பக்கம் உள்ள இரண்டு வேர்களில் முன்னால் இருப்பதில்) இரண்டாவது வேர்க்குழாய் இருக்கிறதா என்று பார்க்க ஒரே படம் போதாது. கதிர்க்குழாயைக் காதுப் பக்கமாகச் சுமார் 20 பாகை நகர்த்தி இன்னொன்று எடுத்தால், அண்ணப் பக்கம் உள்ள வேர் படத்தில் அதே பக்கம் நகர்ந்து, முன்கன்ன வேர் தனித்து நிற்கிறது.

குமட்டல் வருவோருக்கு முன்பற்களின் படத்தை முதலில் எடுத்துப் பழக்கி, மூக்கால் மூச்சுவிடச் சொல்கிறேன். சென்சாரை அண்ணத்தில் இழுக்காமல் ஒரே முறையில் வைத்துவிடுகிறேன்.

ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) பலமுறை போனதில் கடிகட்டை மூன்றாம் ஆண்டிலேயே விரிசல் விட்டதால் மாற்றினேன். கம்பியும் வளையமும் இன்றும் உறுதியாக உள்ளன. வேர்சிகிச்சையின் நடுவில், பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பைப் போட்டு, வேர்க்குழாயில் ஃபைல் (அதைச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி) நிற்கும்போது மட்டும் இந்தக் கடிகட்டை பயன்படாது. வாங்குவோர் அந்த வேலைக்கென உள்ள தனி ஹோல்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.