லெக்சிகன் என்னும் தமிழ்ப் பேரகராதி: ஏழு தொகுதியையும் வாங்கலாமா, திரையில் பார்த்தால் போதுமா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று பிறந்தபோது அதற்கென்று ஒரு வகுப்பறைகூடக் கிடையாது. லண்டன் பல்கலையைப் பார்த்துப் போட்ட அமைப்பு அது. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அந்தத் தேர்வு ஆபீஸ் ஆராய்ச்சியில் இறங்கிய ஆரம்ப நாட்களில் கைவைத்த பெரிய காரியம் தமிழ்ப் பேரகராதி. தமிழாசிரியர் வட்டாரத்தில் 'லெக்சிகன்' என்றால்தான் தெரியும்.

1913 ஜனவரியில் வேலை தொடங்கியது. முதல் பதிப்பாசிரியர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பாதிரியார். பக்கத்தில் மு. இராகவையங்கார் போன்ற பண்டிதர்கள். 1926-இல் பொறுப்பு எஸ். வையாபுரிப் பிள்ளை கைக்கு வந்தது. அதற்கு முன் அவர் வக்கீல். ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரையிலும், ஏழாவதான அனுபந்தம் (பிற்சேர்க்கை) 1939-இலும் வெளிவந்தன. மொத்தம் 4,351 பக்கம், 1,17,762 சொற்கள். ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு 4 லட்சத்துப் பத்தாயிரத்தில் போய் நின்றது. வகுத்துப் பார்த்தால் சொல்லுக்கு மூன்றரை ரூபாய். அந்தக் காலத்து மூன்றரை ரூபாய்!

வேலை நடந்த காலத்திலேயே பல்கலையின் எல்லையும் சுருங்கிக்கொண்டு வந்தது. 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை என்று தனித்தனிப் பல்கலைகள் எழுந்தன. ஆனால் அகராதியில் பழைய சென்னை மாகாணம் அப்படியே இருக்கிறது. தலைச்சொல்லுக்குப் பக்கத்துச் சதுர அடைப்புக்குள் தெலுங்கு, கன்னட, மலையாள இனச்சொற்கள் வரிசையாக நிற்கும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். புதிதாக வருபவர் தடுமாறுவது வினைச்சொல்லில்தான். 'படித்தான்' என்று தேடினால் வராது. வினையெல்லாம் தொழிற்பெயர் வடிவில், சிறு கோடு போட்டு, 'படி-தல்', 'படி-த்தல்' என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தரும் எழுத்துப்பெயர்ப்பை அடுத்து ஓர் எண் வரும். பலர் அதை அச்சுக் குறி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அது வினை வகை எண், 1 முதல் 13 வரை. 'படி-தல்' 4 என்றால் படிந்தது, படியும். 'படி-த்தல்' 11 என்றால் படித்தது, படிக்கும். இறந்தகால இடைநிலையையும் எதிர்கால வடிவத்தையும் அந்த ஒரே எண்ணிலிருந்து எடுத்துவிடலாம். தமிழைப் புதிதாகக் கற்பவருக்கு இந்த ஒன்றுக்காகவே அகராதியைக் கையில் கொடுக்கலாம்.

அடுத்தது சான்றுக் குறி, அதாவது பொருள் எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் சுருக்கம். ஆய்வேடு எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் குறள், புறநானூறு என்று இருந்தால் இலக்கிய ஆட்சி உண்டு. 'திவா.', 'பிங்.', 'சூடா.' (திவாகரம், பிங்கலம், சூடாமணி) என்று மட்டும் இருந்தால் அது நிகண்டுச் சொல், அதாவது பழைய செய்யுள் அகராதிகளில் உள்ள சொல். செய்யுளில் யாராவது ஆண்டார்களா என்பது தனிக் கேள்வி. 'டபிள்யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் 1862-இல் வந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியிலிருந்து எடுத்தது என்று பொருள். அதைக் காட்டி 'இச்சொல் பழைய வழக்கு' என்று எழுதக் கூடாது. 'ஜே' என்றால் யாழ்ப்பாணம். வின்சுலோவுக்கு அடிப்படையான சொற்தொகுப்பு யாழ்ப்பாணத்தில் ஜோசஃப் நைட் பாதிரியார் தொடங்கியது என்பதால் ஈழத்துச் சொற்கள் இதில் எதிர்பார்ப்பதைவிட நிறையவே இருக்கின்றன. தஞ்சாவூர், நாஞ்சில் நாடு, பிராமணர் பேச்சு, மாலுமிகள் வழக்கு எல்லாவற்றுக்கும் தனிக்குறி உண்டு. சுருக்கக் குறிப் பட்டியலை முதலில் நகலெடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் இந்த அகராதியில் பாதிதான் புரியும்.

மரம், செடிகளுக்கும் இதே சுருக்கெழுத்துத்தான். 'எம். டி.ஆர்.' என்றால் நடுத்தர மரம். தாவரவியல் பெயர்களை மட்டும் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். முருங்கைக்கு 'மோரிங்கா டெரிகோஸ்பெர்மா' என்று இருக்கும். இன்று வழங்கும் பெயர் மோரிங்கா ஒலிஃபெரா. கம்பராமாயண மேற்கோள் எண்களும் அன்றைய பதிப்புகளுக்கு உரியவை. கையில் உள்ள பதிப்பில் பாடல் சற்று முன்பின்னாக இருக்கும். படலத்தின் பெயரை வைத்துத் தேடுவதே வழி.

பெரிய குறை சொற்பிறப்பு. வடமொழி மூலம் காட்டுவதில் தாராளம் அதிகம். தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் இதைக் கடுமையாகச் சாடினார். தமிழக அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974-இல் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் லெக்சிகன் காட்டும் வடமொழி வேரை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதுவதும் பிழை. லெக்சிகனையும் அகரமுதலியையும் ஒப்பிடுங்கள். மற்றொன்று, எந்தச் சொல்லுக்கும் ஆங்கிலப் பொருள்தான் முதலில், தமிழ்ப் பொருள் அதன் பின்னால். காலனிப் பல்கலை தன் வாசகராக யாரை நினைத்தது என்று இந்த வரிசையே காட்டிக்கொடுக்கிறது. 'கணினி' போன்ற பிற்காலச் சொல்லைத் தேடி இங்கே வராதீர்கள். அதற்குத் தற்காலத் தமிழ் அகராதிதான் சரி.

இணையத்தில் சிகாகோ பல்கலையின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் உண்டு. சிகாகோ தளத்தில் தமிழிலேயே தட்டலாம். தலைச்சொல்லில் மட்டும் தேடுவது ஒரு வகை. பொருள் விளக்கம் உட்படப் பதிவு முழுவதிலும் தேடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் பொக்கிஷம். கலப்பைக்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ஏர், நுகம், உழவு சார்ந்த சொற்கள் வரிசையாக வந்து விழும். ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் கொடுக்க வேண்டும். 'ஜனம்' போன்ற கிரந்த எழுத்துள்ள சொல் சரியாக அகப்படாவிட்டால் 'சனம்' என்று மாற்றிப் பாருங்கள். ர-ற, ல-ள-ழ குழப்பத்தைத் தளம் உங்களுக்காகத் திருத்தித் தராது.

எப்போதாவது ஒரு சொல்லுக்குப் பொருள் பார்ப்பவருக்கு இணையமே போதும். உரை எழுதுபவர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்குத்தான் அச்சுப் பிரதி. ஒரே சொல்லின் கிளைகளும் கூட்டுச்சொற்களும் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்துக் கண்ணில் படுவதைத் திரை தருவதில்லை.

1982 மறுபதிப்பையோ வேறு பழைய பிரதியையோ வாங்கினால் மூன்றைச் சரிபாருங்கள். முதல் தொகுதி உயிரெழுத்துச் சொற்கள். அதோடு சுருக்கக் குறிப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண் ஆறு தொகுதிகளுக்கும் ஒரே ஓட்டம், 3,928 வரை; ஒரு தொகுதியின் கடைசி எண்ணும் அடுத்ததன் முதல் எண்ணும் ஒட்டவில்லையென்றால் நடுவில் தாள் போயிருக்கிறது. பிறகு அனுபந்தம். 'முழுத் தொகுதி' என்று கடைக்காரர் ஆறை மட்டும் கட்டி வைத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 13,357 சொற்கள் அந்த ஏழாவதில்தான் இருக்கின்றன.